நஞ்சை உண்டும் வாழும் மட்டிகள்

மட்டி, ஆளி, கல்லுமேக்காய் போன்ற இரட்டை ஓட்டு உயிர்கள் இரையைத் தேடிப் போவதில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டே கடல்நீரை உள்ளிழுத்து, செவுளில் வடிகட்டி, அதில் மிதந்து வரும் நுண்பாசிகளைத் தின்கின்றன. விரல் நீளமுள்ள ஒரு கல்லுமேக்காய் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீரை வடிகட்டும். ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டு குடத்துக்குக் குறையாது. இவ்வளவு நீரில் கண்ணுக்குத் தெரியாமல் பரவிக் கிடக்கும் உணவு, சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உடம்புக்குள் வந்து சேர்கிறது. அந்த நீரில் நஞ்சுள்ள பாசி இருந்தால், அதுவும் அதே வழியில் சேர்ந்துவிடும்.

கடலில் உள்ள பல்லாயிரம் நுண்பாசி இனங்களில் நஞ்சு சுரப்பவை சுமார் 200 மட்டுமே. அவற்றுள்ளும் மட்டிகள் வழியாக மனிதரை எட்டுபவை மிகச் சிலவே. டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நீந்தும் நுண்ணுயிர்களில் அலெக்சாண்டிரியம், ஜிம்னோடினியம் கேட்டனேட்டம், பைரோடினியம் பஹாமென்ஸ் ஆகியவை சாக்சிடாக்சினையும் அதன் உறவு நஞ்சுகளையும் உண்டாக்குகின்றன. டைனோஃபிசிஸ் இனங்கள் ஒகடாயிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. உண்டவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும். சூடோநிட்சியா என்னும் டயாட்டம் டோமோயிக் அமிலத்தைத் தருகிறது. இது மூளையில் நினைவாற்றலுக்குரிய பகுதியைத் தாக்கும். மெக்சிகோ வளைகுடாவில் பெருகும் கரீனியா பிரெவிஸ் பிரெவிடாக்சினைத் தருகிறது.

இவற்றுள் உயிருக்கு மிகவும் கொடியது சாக்சிடாக்சின். நரம்பணுவின் சுவரில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்கள் உண்டு. அவை திறந்து மூடுவதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது. சாக்சிடாக்சின் மூலக்கூறு அந்த வாயிலின் வெளிப்புறத்தில் போய் அமர்ந்து அதை அடைத்துவிடும். உதடும் நாக்கும் முதலில் மரத்துப்போகும், பிறகு கைகால் தளரும், கடைசியில் மூச்சை இயக்கும் தசைகள் நின்றுவிடும். ஓரிரு மில்லிகிராம் அளவே ஒரு மனிதரைக் கொல்லப் போதும். இதற்கு மாற்றுமருந்து கிடையாது. நஞ்சு சிறுநீரில் வெளியேறும்வரை செயற்கை மூச்சு கொடுத்துக் காப்பாற்றுவதுதான் ஒரே மருத்துவம். உரிய நேரத்தில் அது கிடைத்தவர்கள் பெரும்பாலும் முழு நலம் பெறுகிறார்கள்.

மனிதரைச் சில மணி நேரத்தில் வீழ்த்தும் இந்த நஞ்சை உடம்பு நிறையச் சுமந்துகொண்டு மட்டி எப்படி உயிரோடு இருக்கிறது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி. உயிரியல் ஆர்வத்தோடு இது முடிந்துவிடவில்லை. மட்டி எவ்வளவு நன்றாக நஞ்சைத் தாங்குகிறதோ, அவ்வளவுக்கு அதை உண்பவருக்கு ஆபத்து. நஞ்சேறிய மட்டி செத்துக் கிடந்தால் யாரும் அள்ளமாட்டார்கள். அது கொழுத்து, ஓட்டை இறுக மூடி, புத்தம் புதியதாக இருப்பதனால்தான் கூடைக்கு வருகிறது.

தமிழகத்திலும் அண்டையிலும்

இந்தியாவில் மட்டி நஞ்சைக் கண்டுகொள்ளச் செய்த நிகழ்வு தமிழகத்தில்தான் நடந்தது. 1981-இல் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில், பாலாற்றுக் கழிமுகப் பகுதியில், மட்டிக்கறி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; மூவர் இறந்தனர். அவர்கள் உண்டது மெரெட்ரிக்ஸ் காஸ்டா என்னும் கழிமுக மட்டி. தமிழகத்தின் முகத்துவாரங்களிலும் காயல்களிலும் இடுப்பளவு நீரில் நின்று பெண்களும் சிறுவர்களும் கையால் தடவி எடுக்கும் சாதாரண மட்டிதான் அது. விலை குறைவு என்பதால் ஏழைகளின் சட்டியில் அடிக்கடி வேகும் புரதமும் அதுவே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983-இல், மங்களூருக்குத் தெற்கே கும்பளா கழிமுகத்தில் எடுத்த மட்டியை உண்டு ஒரு சிறுவன் இறந்தான். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் ஏழு பேர் இறந்தனர். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே உண்ணப்பட்டது பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புநிறக் கல்லுமேக்காய். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே குளச்சல், முட்டம் வரை குமரிக் கடற்கரையில் மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கும் ‘சிப்பி’ இதுவே. ஒரே சமயத்தில் ஒரே கரையில் இத்தனை பேர் விழுந்தார்கள் என்றால், அவர்கள் உண்ட சிப்பிகள் அந்த நஞ்சால் விழாமல் இருந்தன என்றே கொள்ளவேண்டும்.

வெளியுலகில் இதன் வரலாறு இன்னும் பழையது. 1793 ஜூனில் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்தபோது, காலை உணவுக்குக் கல்லுமேக்காய் சுட்டுத் தின்ற மாலுமிகளில் ஜான் கார்ட்டர் என்பவர் அன்றே இறந்தார். 1927-இல் சான் பிரான்சிஸ்கோ அருகே 102 பேர் நோயுற்று 6 பேர் மாண்டபின், ஹெர்மன் சோமர் குழுவினர் பத்தாண்டு உழைத்து, நஞ்சு கல்லுமேக்காயில் பிறப்பதல்ல, அது உண்ணும் நுண்பாசியிலிருந்து வருவது என்று 1937-இல் நிறுவினார்கள். மட்டியை விளைவிடமாகப் பார்க்காமல் சுமப்பதாகப் பார்க்கும் பார்வை அன்றிலிருந்தே தொடங்குகிறது.

வாயை மூடுவது முதல் காப்பு

நஞ்சுப் பாசி வரும்போது மட்டி செய்யக்கூடிய எளிய வேலை, உண்ணாமல் இருப்பது. எல்லா இனங்களும் இதைச் செய்வதில்லை, செய்பவையும் ஒரே மாதிரிச் செய்வதில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையின் கெட்டியோட்டு மட்டியான மெர்செனாரியா, கடும் நஞ்சுள்ள அலெக்சாண்டிரியம் மட்டும் கலந்த நீரில் வைக்கப்பட்டால் நீர்க்குழலை உள்ளிழுத்து ஓட்டை மூடிக்கொண்டுவிடும். அதே நீரில் நஞ்சில்லாத டயாட்டத்தையும் கலந்து விட்டால் திறந்து உண்ணத் தொடங்கும், நஞ்சையும் சேர்த்தே ஏற்றிக்கொள்ளும். கடலில் எந்தப் பாசியும் தனித்து இருப்பது அரிது. ஆய்வுத்தொட்டியில் தன்னைக் காத்துக்கொண்ட மட்டி கழிமுகத்தில் அப்படிக் காத்துக்கொள்ளும் என்று எண்ணிவிட முடியாது என்பதை இந்தச் சோதனை காட்டியது.

ஆளிகள் முழுதாக மூடாமல், ஓட்டைச் சட்டென்று சிறிது மூடித் திறப்பதை அடிக்கடி செய்கின்றன. பசிபிக் ஆளியின் இரு ஓடுகளிலும் சிறு மின்முனைகளை ஒட்டி, ஓடு திறந்திருக்கும் அளவை நொடிக்கு நொடி பதிவு செய்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அலெக்சாண்டிரியம் மினுட்டம் கலந்த நீரில் இந்தச் சிறுமூடல்கள் பெருகுவதைக் கண்டார்கள். ஆளியின் இந்தப் பதற்றத்தையே எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்தலாமா என்ற முயற்சியும் அதிலிருந்து கிளைத்தது.

இன்னொரு வழி, பிடித்ததைத் துப்பிவிடுவது. செவுளில் ஒட்டிய துகள்களில் வேண்டாதவற்றைச் சளியில் உருட்டி, வயிற்றுக்கு அனுப்பாமலே வெளியே தள்ளும் திறன் மட்டிகளுக்கு உண்டு. அப்படித் தள்ளப்பட்ட சளிக்கட்டிகளில் பாசியணுக்கள் உயிரோடு இருப்பதும், சில சமயம் குடலைக் கடந்து எச்சத்தில் வந்தும் உயிரோடு இருப்பதும் நுண்ணோக்கியில் தெரிந்தன. அலெக்சாண்டிரியம் தன்னைச் சுற்றித் தற்காலிகக் கூடு கட்டிக்கொண்டு ஆளியின் குடலைத் தாண்டி வந்து, மீண்டும் நீந்தத் தொடங்கும். நஞ்சுப் பாசியுள்ள கரையிலிருந்து வளர்ப்புக்கென உயிருள்ள ஆளிகளை வேறு கரைக்குக் கொண்டுபோகும்போது பாசியும் கூடவே பயணம் செய்யும் அபாயம் இதனால்தான்.

ஓட்டை மூடுவதற்கு விலையும் உண்டு. மூடியிருக்கும் நேரமெல்லாம் உணவும் இல்லை, உயிர்வளியும் இல்லை. பாசிப் பெருக்கம் ஓரிரு வாரம் நீடித்தால் எந்த மட்டியும் பட்டினியாக மூடிக்கொண்டு காத்திருக்க முடியாது. ஆகவே பெரும்பாலான இனங்களுக்கு உண்மையான காப்பு உடலுக்குள்ளே இருந்தாக வேண்டும்.

நரம்பில் ஒரே ஓர் எழுத்து மாற்றம்

கல்லுமேக்காய் சாக்சிடாக்சினுக்கு இயல்பாகவே அசைந்துகொடுக்காத உயிர். அதன் நரம்பைப் பிரித்தெடுத்து நஞ்சுக் கரைசலில் வைத்தாலும் மின்துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கிழக்குக்கரை ஆளியின் நரம்பு அப்படியல்ல, சிறிதளவு நஞ்சிலேயே அடங்கிவிடும். 1970களின் தொடக்கத்தில் பெட்டி டுவரோக் குழுவினர் பல இரட்டை ஓட்டு இனங்களின் நரம்புகளை ஒப்பிட்டுப் பார்த்து இந்த வேறுபாட்டை வெளிக்கொண்டு வந்தனர். நரம்பு தாங்கும் இனங்கள் தயங்காமல் உண்டு நஞ்சை வேகமாக ஏற்றிக்கொள்கின்றன. நரம்பு தாங்காதவை மூடிக்கொண்டு குறைவாக ஏற்றுகின்றன.

ஒரே இனத்துக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு என்பதைக் காட்டியது மென்னோட்டு மட்டியான மையா அரெனேரியா. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் அலெக்சாண்டிரியம் நெடுங்காலமாக ஆண்டுதோறும் பெருகி வருகிறது. நோவா ஸ்கோஷியாவின் லாரன்ஸ்டவுன் கழிமுகத்தில் அந்தத் தொல்லை இருந்ததில்லை. மோனிகா பிரிசெல் குழுவினர் இரு இடத்து மட்டிகளையும் எடுத்து வந்து நஞ்சுப் பாசி ஊட்டினார்கள். பிறகு அவற்றை மணல்மேல் வைத்து, புதைந்துகொள்கின்றனவா என்று பார்த்தார்கள். மண்ணுக்குள் வாழும் மட்டிக்குப் புதையும் திறனே உயிர். மேலே கிடந்தால் நண்டும் மீனும் பறவையும் விட்டுவைக்காது. லாரன்ஸ்டவுன் மட்டிகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் கால் தளர்ந்து, தசை வெளியே தொங்க, புதைய முடியாமல் கிடந்தன. ஃபண்டி மட்டிகளில் பெரும்பாலானவை எதுவும் நடவாததுபோல மணலுக்குள் இறங்கிவிட்டன.

காரணம் மரபணுவில் இருந்தது. சோடியம் வாயிலின் புரதத்தில், நஞ்சு வந்து அமரும் துளையோரத்தில், குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய ஓரிடத்தில் தாங்கும் மட்டிகளுக்கு அஸ்பார்ட்டிக் அமிலம் இருந்தது. இந்த ஒரே அமினோ அமில மாற்றத்தால் வாயிலை நஞ்சு பற்றும் வலிமை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைந்தது. 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த முடிவு, பாசியின் நஞ்சு மட்டிக் கூட்டங்களில் இயற்கைத் தேர்வை நடத்துகிறது என்பதற்கு நேரடிச் சான்றாயிற்று. ஒவ்வொரு பெருக்கமும் தாங்காத குஞ்சுகளைக் கொன்று, தாங்கும் குஞ்சுகளை விட்டுச் செல்கிறது.

அதே ஆய்வின் மறுபாதிதான் மனிதருக்குரியது. தாங்கும் மட்டிகள் நோகாமல் தொடர்ந்து உண்டதால் மற்றவற்றைவிடப் பல மடங்கு நஞ்சைச் சேர்த்திருந்தன. ஆண்டுதோறும் நஞ்சுப் பாசி வந்துபோகும் கரையில் காலப்போக்கில் மிஞ்சியிருப்பவை இப்படிப்பட்ட மட்டிகளே. ஒரு கரையில் பெருக்கம் பழகிப்போய்விட்டது என்பதால் ஆபத்து குறைந்துவிட்டது என்று கொள்வதற்கு இல்லை. அது கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

எங்கே வைக்கிறது, எப்படி மாற்றுகிறது

உள்ளே வந்த நஞ்சில் பெரும்பகுதி முதலில் செரிமானச் சுரப்பியில் தங்குகிறது. மட்டியைப் பிளந்தால் நடுவில் கரும்பச்சையாகத் தெரியும் மென்மையான பகுதி அது. கல்லுமேக்காயில் நஞ்சு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும், எனவே குடல் காலியாகும்போது நஞ்சும் விரைவாகக் குறையும். வேறு சில இனங்களில் அது உடலின் மற்ற பகுதிகளுக்குப் பரவுகிறது. வட அமெரிக்க மேற்குக் கரையின் சாக்சிடோமஸ் மட்டி நஞ்சைத் தன் நீர்க்குழலில் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கும். சாக்சிடாக்சின் என்ற பெயரே இந்த மட்டியிலிருந்து வந்தது. அங்கே இரண்டு ஆண்டுவரைகூட நஞ்சு தங்கியிருக்கும். நீர்க்குழல்தான் மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, மீன்கள் கடிப்பதும் அதைத்தான். அதில் நஞ்சு இருந்தால் கடிக்க வருவது ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளும். கடல் நீர்நாய்கள் நஞ்சேறிய இந்த மட்டிகளைத் தவிர்ப்பதும் பதிவாகியிருக்கிறது. இங்கே மட்டி நஞ்சைத் தாங்குவதோடு நிற்காமல் அதைத் தன் காவலுக்கு வைத்துக்கொள்கிறது.

விசிறிச் சிப்பிகளின் கதை வேறு. ஓட்டை மூடும் வெள்ளைத் தசையில் நஞ்சு மிகக் குறைவாகவே சேரும், சுரப்பியிலோ மாதக்கணக்கில் நிற்கும். அந்தத் தசையை மட்டும் வெட்டியெடுத்து மற்றதை எறிந்துவிடும் பழக்கம் வட அமெரிக்க வணிகத்தில் நிலைத்திருப்பது உண்பவருக்கு நல்லதாயிற்று. ஐரோப்பாவின் பெரிய விசிறிச் சிப்பியான பெக்டன் மாக்சிமஸ், டோமோயிக் அமிலத்தைப் பல மாதங்கள், சமயத்தில் ஓராண்டுக்கு மேலும் விடாமல் வைத்திருக்கும். செரிமானச் சுரப்பியின் அணுக்கள் அந்த அமிலத்தைச் சிறு பைகளுக்குள் சுற்றி அடைத்துவிடுவதே காரணம் என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. தன் அணுவில் உள்ள கழிவைப் பொதிந்து செரிப்பதற்கான ஏற்பாடு இங்கே பொதிந்ததோடு நின்றுவிடுகிறது. அதே அமிலத்தைக் கல்லுமேக்காய் சில நாட்களில் கழித்துவிடும்.

டோமோயிக் அமிலம் உலகுக்குத் தெரியவந்ததும் கல்லுமேக்காயால்தான். 1987-இன் இறுதியில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் வளர்த்த கல்லுமேக்காயை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், சிலர் இறந்தனர், பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிய நினைவுகள் நிற்கும் ஆற்றல் போய்விட்டது. நான்கு ஆண்டு கழித்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் நீண்ட கத்திமட்டிகளில் அதே அமிலம் கண்டுபிடிக்கப்பட்டபோது, அது மாதங்கள் கடந்தும் குறையவில்லை. ஒரே நஞ்சுக்கு ஓர் உயிரில் சில நாட்கள் ஆயுள், இன்னோர் உயிரில் ஓராண்டு.

சேர்த்து வைப்பதோடு, மட்டிகள் நஞ்சின் வேதியியலையும் மாற்றுகின்றன. சாக்சிடாக்சின் குடும்பத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு; வீரியத்தில் ஒன்றுக்கொன்று பெரிய இடைவெளி. பாசியில் மிகுதியாக இருப்பவை பெரும்பாலும் வீரியம் குறைந்த கந்தகச் சேர்மங்கள். சில மட்டிகளின் நொதிகள் அவற்றின் பக்கச் சங்கிலியை வெட்டியெடுக்க, வீரியம் மிகுந்த வடிவம் கிடைத்துவிடும். நஞ்சு மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாமலே மட்டியின் நச்சுத்தன்மை கூடுகிறது. பாசி அடங்கிப்போன பிறகும் சில நாட்கள் மட்டியின் நச்சளவு உயர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒகடாயிக் அமிலத்தை மட்டிகள் வேறுவிதமாகக் கையாள்கின்றன. கொழுப்பு அமிலம் ஒன்றை அதோடு பிணைத்து எஸ்டராக்கி வைத்துவிடுகின்றன. அணுவுக்குள் அது செயலற்றுப் போகிறது. ஆனால் அதை மனிதர் உண்டால் குடலில் பிணைப்பு அறுந்து பழைய அமிலம் வெளிவரும். சோதனைச்சாலைகள் மட்டிச் சாற்றைக் காரத்தில் சூடாக்கி இந்தப் பிணைப்பை முதலில் அறுத்துவிட்டுத்தான் அளக்கின்றன. இல்லாவிட்டால் பாதி நஞ்சு கணக்கில் வராமல் போகும். பிரெவிடாக்சினை ஆளிகள் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு இணைத்துவிடுகின்றன, இணைந்த பொருளோ மூல நஞ்சைவிட நெடுநாள் உடலில் தங்குகிறது.

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் மட்டிக்குப் பாதிப்பு இல்லாமல் இல்லை. நஞ்சுப் பாசி குடலைத் தொடும் இடங்களில் குருதியணுக்கள் திரண்டு, செரிமானக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போய்ப் பாசியைச் சூழ்ந்துகொள்கின்றன. குழாயின் உட்சுவர் வீங்கும், தேயும். கல்லுமேக்காய் பாறையில் ஒட்டிக்கொள்ளும் நார்களைக் குறைவாகவே சுரக்கும், அலை வலுத்தால் பெயர்ந்துபோகும். பிரான்சில் பசிபிக் ஆளிகளை ஆராய்ந்தபோது, இரவு பகல் ஒழுங்கை நடத்தும் மரபணுக்களின் தாளமே அலெக்சாண்டிரியத்தால் குலைவது தெரிந்தது. முட்டையும் விந்தும் வெளியே நீரில்தான் சந்திக்கின்றன என்பதால், பெருக்கக் காலத்தில் இனப்பெருக்கமும் அடிபடுகிறது. வளர்ந்த மட்டி தாங்கிக்கொள்ளும் அளவை அதன் இளம் உயிரி தாங்குவதில்லை.

பச்சையாகும் கடல்

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் மீனவர் அதிகம் கண்டிருப்பது வேறொரு பெருக்கம். பூங்கோரை என்று அவர்கள் சொல்லும் நாக்டிலூகா சின்டிலன்ஸ் பரவினால் கடல் பச்சைச் சாயம் கரைத்ததுபோல ஆகும், இரவில் அலை நீலமாக ஒளிரும். 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் மண்டபம், பாம்பன் பகுதியில் இது பரவி மீன்கள் செத்து ஒதுங்கின. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் மக்கள் திரண்டு பார்த்த ஒளிரும் அலைகளும் இதனால்தான். நாக்டிலூகா சாக்சிடாக்சின் போன்ற நஞ்சைச் சுரப்பதில்லை. அது சேர்க்கும் அம்மோனியாவும், அழுகும்போது நீரில் உயிர்வளி தீர்ந்துபோவதுமே உயிர்களைக் கொல்கின்றன.

மீன் தப்பி நீந்தலாம், மட்டிக்கு அந்த வழியில்லை. அது ஓட்டை மூடிக்கொண்டு, உயிர்வளி இல்லாமலே சர்க்கரையை உடைத்துக் குறைந்த ஆற்றலில் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்போது உடலில் அமிலம் சேரும். அந்த அமிலத்தை அடக்க மட்டி தன் ஓட்டின் உட்புறத்தையே சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஓட்டின் கால்சியம் கார்பனேட் அமிலத்தைச் சமன்செய்கிறது. காற்றில்லாத நீரில் சில நாள் தாக்குப்பிடிக்க மட்டிக்கு இது போதும். அதற்குமேல் நீடித்தால் அடிமண்ணில் வாழும் மட்டிகள் கொத்துக் கொத்தாக இறக்கும்.

பூங்கோரை வந்தால் ஊரே அறியும். சாக்சிடாக்சின் தரும் பாசிக்கு அப்படி நிறம் தேவையில்லை. ஒரு லிட்டர் நீரில் சில ஆயிரம் அணுக்கள் இருந்தாலே மட்டியில் நஞ்சு வரம்பைத் தாண்டிவிடக்கூடும், நீரோ தெளிவாகவே தெரியும். கடலின் நிறத்தைச் செயற்கைக்கோளில் பார்த்துப் பாசிப் பெருக்கத்தை அறிவிக்கும் பணியை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செய்துவருகிறது. அது மிகப் பயனுள்ள பணி. ஆயினும் மேகம் மறைக்கும் மழைக்காலத்திலும், குறுகிய கழிமுகத்துக்குள்ளும், நிறம் மாறாத நீரிலும் மட்டியைப் பறித்துச் சோதிப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

சோதனை, சந்தை, சமையல்

உண்பதற்குரிய வரம்பு பல நாடுகளில் ஒன்றுபோலவே இருக்கிறது: ஒரு கிலோ மட்டிச் சதையில் சாக்சிடாக்சின் குடும்பம் 800 மைக்ரோகிராம், டோமோயிக் அமிலம் 20 மில்லிகிராம், ஒகடாயிக் அமிலக் குடும்பம் 160 மைக்ரோகிராம். இதைத் தாண்டினால் அந்தக் கரையை மூடிவிடுவார்கள். மூடிய கரையை எப்போது திறப்பது என்பது கடினமான கேள்வி. கல்லுமேக்காய்க்குச் சில வாரம் போதும். சாக்சிடோமஸுக்கு ஆண்டுகள் வேண்டும். ஒரே கழிமுகத்தில் வாழும் இரண்டு இனங்களுக்கு ஒரே தேதியை வைக்க முடியாது. இந்தக் கணக்குகளெல்லாம் பெரும்பாலும் குளிர்கடல் இனங்களை வைத்து வந்தவை. வயலூரில் உயிர் குடித்த கழிமுக மட்டிக்கும், சென்னையின் பெயரைத் தாங்கிய கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் ஆளிக்கும், குமரியின் சிப்பிக்கும் நம் வெப்பக் கடலில் அதே அளவுக்கு விரிவான கணக்கு எடுக்கப்பட வேண்டும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் தொண்டியில் கடலியல் துறை நடத்துகிறது. தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் உள்ளன. ஏற்றுமதிக்குப் போகும் பெட்டிக்கு இருக்கும் கண்காணிப்பு, முகத்துவாரத்தில் கூடை வைத்து விற்கும் மட்டிக்கும் கிடைக்க வேண்டும். வயலூரிலும் விழிஞ்ஞத்திலும் இறந்தவர்கள் உண்டது உள்ளூர் மட்டிதான்.

மட்டியை நல்ல நீரில் ஓரிரு நாள் வைத்துத் தூய்மையாக்கும் முறை மட்டி வணிகத்தில் வழக்கம். புற ஊதாக் கதிராலோ ஓசோனாலோ தூய்மையாக்கிய நீரில் 36 முதல் 48 மணி நேரம் இருந்தால் குடலில் உள்ள பாக்டீரியா பெரும்பாலும் போய்விடும். பாசியின் நஞ்சுக்கு இது பயன்படாது. அது திசுவுக்குள் ஏறிவிட்ட பொருள், மட்டி தன் வேகத்திலேயே அதைக் கழிக்கும்.

அடுப்பும் காப்பாற்றாது. சாக்சிடாக்சின் கொதிநீரில் அழிவதில்லை. காரத்தன்மையுள்ள நீரில்தான் அது சிதையும், புளி விட்ட குழம்பு போன்ற அமில நீரில் நிலைத்து நிற்கும். மிளகும் பூண்டும் மசாலாவும் அதன்மேல் வேலை செய்வதில்லை. உறைய வைத்தாலும், உலர்த்தினாலும் போகாது. மணமோ கசப்போ இல்லை. வெள்ளிக் காசைப் போட்டுப் பார்ப்பது போன்ற பழைய சோதனைகளில் எதுவும் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செட்டிநாட்டுக் கல்லல் போன்ற ஊர்களில் மட்டி உண்பவர்கள் குறைவு. நண்டு உண்பவர்கள் மிகுதி. பாக் விரிகுடாவின் நீல நண்டு சிறு மட்டிகளையும் உடைத்துத் தின்னும் உயிர். மட்டியில் உள்ள நஞ்சு அதைத் தின்னும் நண்டின் செரிமானச் சுரப்பியில், ஓட்டைப் பிரித்தால் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும் பகுதியில், சேரக்கூடும். 2015-இல் அமெரிக்காவின் பசிபிக் கரை நெடுகிலும் சூடோநிட்சியா பெருகியபோது, டோமோயிக் அமிலம் ஏறியதால் கலிபோர்னியாவில் டஞ்சனெஸ் நண்டுப் பருவமே மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. அப்போது அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் சொன்னது, நண்டின் உள்ளுறுப்பை வேகவைக்கும் முன்பே நீக்கிவிட வேண்டும், வெந்த நீரையும் கொட்டிவிட வேண்டும் என்பதே. டோமோயிக் அமிலமும் சாக்சிடாக்சினும் நீரில் கரைபவை. வேகும்போது சதையிலிருந்து இறங்கிச் சாற்றில் சேர்ந்துவிடும். செட்டிநாட்டுச் சமையலில் நண்டை இடித்துப் போட்டு வைக்கும் ரசத்தில் அந்தச் சாறு முழுவதும் பாத்திரத்திலேயே நிற்கிறது. பாக் விரிகுடா நண்டை உண்டு இப்படி நஞ்சேறியதாகப் பரவலாக அறியப்பட்ட நிகழ்வு இல்லை. ஆனால், நிறம் மாறாத நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதை மறக்காமல், கடல் நிறம் மாறி மீன் ஒதுங்கிய செய்தி வரும் வாரங்களில் நண்டின் சுரப்பியை எடுத்துவிட்டுச் சமைப்பதும், மட்டியை அறவே விட்டுவைப்பதும், உண்டபின் உதடு மரத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் செயற்கை மூச்சு வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போவதும் செய்யக்கூடிய காரியங்கள்.